வாத்து நடை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள், ஒரு முழங்காலின் கதை சொல்லப் போகிறேன், முழங்கால்தானே என்று எழுந்து போய்விடாதீர்கள்.

...நேராக்கிடலாம் என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள் இந்த டாக்டர் பெண், சுருங்கிய துணிக்கு இஸ்திரி போடுகிற மாதிரி, சொல்லிவிட்டு போன் வந்ததென்று வெளியே போய்விட்டாள், முழங்கால் தேய்ந்துபோன தையல்காரி மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், மேசைமேல் கிடப்பது அவளுடைய எலும்புதான், உள்ளே இருப்பதைப் படம் பிடித்து பிளாஸ்டிக்கில் அச்சடித்தது, பக்கத்தில் தொப்பி மாதிரி இன்னொன்று, அதில் ஒரு சந்து, மூட்டு மாற்றும் ஆபரேஷனில் ரம்பம் அந்தச் சந்து வழியாகப் போனால் வெட்டு பிசகாதாம், இந்தத் தொப்பி வேறு யாருடையதோ, மாதிரிக்கு வைத்தது, எடுத்துத் தன் எலும்பின்மேல் வைத்துப் பார்த்தாள், உட்காராமல் ஆடியது... உனக்கென்று அச்சடித்தால்தான் உனக்கு உட்காரும், அளவுச் சட்டை மாதிரி, ஆனால் அச்சுக்குப் போகுமுன் சொல்லிவிட வேண்டும், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நூல் பிடித்தாற்போல் நேராகவா, இல்லை அவளுக்கே உரிய வளைவோடா, "ரெண்டுமே செய்றோம்மா, உங்களுக்கு எது வேணும்னு யோசிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள் டாக்டர். பக்கத்திலிருந்த மகளுக்கு யோசனையே இல்லை, "நேராக்கிக்கோம்மா, ரெண்டு விரல் உயரமாயிடுவ, அப்பா உன்னை அண்ணாந்து பார்க்கணும்."

அப்பா... எங்கே பார்க்கிறார், கண் நன்றாகத்தான் இருக்கிறது, முகங்கள்தான் அதில் நிற்பதில்லை, பெற்ற மகளே 'அந்த டீச்சர்' ஆகிவிட்டாள், ஆனால் காது? கூடத்து நாற்காலியில் அவர், சமையலறையிலிருந்து இவள் செருப்புச் சத்தம், உடனே முகம் மலரும், "வாத்து வந்துடுச்சு." கல்யாணமான புதிதில் அந்தப் பேச்சுக்கு எவ்வளவு கோபம் வந்தது, வில்லாக வளைந்த காலை வைத்துக்கொண்டு ஆடி ஆடி நடந்தால் வாத்தா, நான் வாத்துன்னா நீங்க யாராம், "நான் குளம்டி, வேற எங்க போவ நீ?" மூஞ்சியைப் பாரு, குளமாம்... அந்த ஒரு சொல்தான் இன்னும் மிச்சம், அதையும் வெட்டி நேராக்கிவிட்டால் இவர் யாரைக் கூப்பிடுவார்?

மிச்சமா? போன வாரம் டீ எடுத்துக்கொண்டு போனாளே, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, அவர் திரும்பிப் பார்த்து மரியாதையாக, "உட்காருங்கம்மா, என் வீட்டுக்காரி இப்ப வந்துடுவா" என்றாரே, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாளே, போச்சு, காதும் போச்சு என்று நினைத்தாளே...

கதவு திறந்தது. "என்னம்மா முடிவு பண்ணீங்க?"

"அந்த வளைவுன்னு சொன்னீங்களே, இப்ப இருக்கிற வளைவா?"

"இல்லம்மா, இது தேய்மானத்தால கூடிப்போன வளைவு. அதுக்கு முன்னாடி உங்க கால் எப்படி இருந்திருக்கும்னு எலும்பை வச்சுக் கணக்குப் போட்டுக் கொண்டு வருவோம். அச்சு அசலா அப்படியேன்னு சொல்லமாட்டேன், கிட்டத்தட்ட."

முன்னாடி... அப்படியென்றால் போன வாரம் போனது அவர் காது இல்லையோ, இழுத்து இழுத்து வந்தது வாத்தே இல்லையே, வலி அல்லவா வந்தது, அவர் சரியாகத்தான் சொன்னாரோ, வீட்டுக்காரி இன்னும் வரவில்லையென்று, காத்துக்கொண்டிருக்கிறாரோ... "எனக்கு அந்தப் பழைய வளைவே போதும் டாக்டரம்மா," என்றாள், மகள் "அய்யோ அம்மா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள், இவள் எழுந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்தாள், இழுத்து இழுத்து, அந்தச் சத்தத்தை அவளே முதன்முறையாகக் காது கொடுத்துக் கேட்டாள், யாரோ வருகிற மாதிரி... அச்சடித்து, வெட்டி, ஆறி, நடை பழகி, வாத்து அந்தக் கூடத்துக்குப் போய்ச் சேரும்வரை, குளம் அங்கேயே இருக்குமா?

எனக்குத் தெரியாது கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலில் காலடி கேட்டதும், தலை நிமிராமலே இன்னார் என்று சொல்ல உள்ளே ஒருவர் எப்போதும் இருக்கட்டும்.