அப்பளத்துக்குப் பின் ஒரு மணி நேரம்

மரியப்பனுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்து ஏழு மாதம் ஆகிறது. கால் கம்பை ஊன்றி ஓரளவு திரும்பிவிட்டது. கை வரவில்லை. வாயின் வலது ஓரம் தொங்கியே நின்றுவிட்டது. புதுவயல் ரைஸ்மில்லில் இருபது வருடம் பாய்லர் பார்த்த ஆள், கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கஞ்சி குடித்தார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். கோவிலுக்கு மட்டும் போக மாட்டேன் என்றார். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் நன்மை, இயேசுவின் உடலான அந்த மெல்லிய அப்பம், தொங்கும் ஓரமாக நழுவித் தரையில் விழுந்துவிட்டால்? மாதம் ஒருமுறை சாமியாரே அதை நோயாளிகளுக்கு வீடு தேடிக் கொண்டுவருவார். வந்தபோதெல்லாம் மரியப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நோயாளியாக வாங்குவதற்கு வாங்காமலே இருக்கலாம்.

மனைவி சகாயம்மாள் அவரோடு வாதாடவில்லை. பொரிக்காத அப்பளத்தை மாத்திரை டப்பா மூடியை வைத்து வட்டம் வட்டமாக வெட்டினாள்.

"நாக்க நீட்டுங்க."

"எ... எதுக்கு?"

"சாமி நடுவுலதான் வைப்பாக. இடது பக்கமா ஒதுக்க நீங்கதான் பழகணும்."

முதல் வாரம் பாதிக்கு மேல் கீழே விழுந்தது. பொறுக்குவதற்கென்றே பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று தினமும் வந்து நின்றது.

"உங்க மேல அதுக்குத்தான் எம்புட்டுப் பாசம்," என்றாள்.

இரண்டு மாதத்தில் கோழி வருவதை நிறுத்திக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, செக்காலை வீட்டிலிருந்து கோவிலுக்கு ஆட்டோவில் போனார்கள். வழியில் சகாயம்மாள் அப்பளம் முடிந்திருந்த கைக்குட்டையை அவிழ்த்தாள். "கடைசியா ஒன்னு."

மரியப்பன் வாங்கி, இடது பக்கம் ஒதுக்கி, சுத்தமாக விழுங்கினார். விழுங்கிய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. நன்மை வாங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே வாயைக் கட்டிவிட வேண்டும். தண்ணீர் தவிர எதுவும் படக்கூடாது. மரியப்பனின் கைக்கடிகாரத்தில் ஆறே கால்.

"கூறு கெட்டவ நான்," என்று தலையில் தட்டிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், "நோயாளிக்கு அந்தச் சட்டம் கிடையாதுன்னு சாமி சொல்லியிருக்காக. பேசாம வாங்கிக்கிருங்க," என்றாள்.

"நா... நான் நோயாளி இல்ல."

"அப்ப வீட்டுக்குத் திரும்புவமா?"

அவர் கடிகார முள்ளைப் பார்த்தார். "ஏ... ஏழே கால்."

ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சாமியாருக்குக் கல்லலில் அடுத்த பூசை இருந்தது. பிரசங்கத்தை எட்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். பிரசங்கம் நீளட்டும் என்று மரியப்பன் வாழ்நாளில் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். பலிக்கவில்லை. ஏழு மணி எட்டு நிமிடத்துக்கே நன்மை வாங்க வரிசை எழுந்தது.

மரியப்பன் எழுந்து ஓரமாக நின்று ஒவ்வொருவரையும் முன்னே விட்டார்.

"நீங்க போங்கண்ணே, கால் வலிக்குமே," என்றான் ஒருவன். தலையை ஆட்டி மறுத்தார். கால் வலிக்கத்தான் செய்தது. தொடை வரை நடுக்கம் ஏறியது.

எதிர்ப்பக்கம் சகாயம்மாளும் ஒவ்வொருத்தியாக முன்னே விட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் போனதும் நடுவழியைக் கடந்து வந்து அவருடைய வலது பக்கம் நின்றாள்.

"பொம்பளைக வரிசை அங்குட்டு," என்றார் வரிசையை ஒழுங்குபடுத்தியவர்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

இருவரும் பீடத்தை நெருங்கினார்கள். சாமியார் அப்பத்தை உயர்த்தினார். மரியப்பன் வாயை இறுக மூடிக்கொண்டு, கம்பைப் பிடித்திருந்த மணிக்கட்டைக் குனிந்து பார்த்தார். ஏழு பதினாலு. சாமியார் புரியாமல் நின்றார். சகாயம்மாள் தரையைப் பார்த்தாள். பெரிய முள் மூன்றில் வந்து உட்கார்ந்ததும் நாக்கை நீட்டினார்.

சாமியார் வைத்த நன்மை வலது ஓரத்துக்குத்தான் சரிந்தது. அவருடைய தாடைக்குக் கீழே அவள் உள்ளங்கை வந்து விரிந்தது. மரியப்பன் தலையை மெல்ல இடப்பக்கம் சாய்த்து, நாக்கால் அதை இழுத்து உள்ளே கொண்டுபோனார். உள்ளங்கையில் கொஞ்சம் எச்சில் மட்டும் விழுந்தது. அவள் அதைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

வெளியே ஆட்டோவில் ஏறியதும், "உப்பு... இல்ல," என்றார்.

சகாயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்தாள். முகத்தைத் திருப்பாமல் காட்டினார்.

"அடுத்த வாரம் ஆட்டோவுல வாயத் தொறந்தீக, பாத்துக்கிருங்க."

"நீ... நீதான குடுத்த."