ரீசேல் இல்லாத பிஸ்ரல்

ஒரு தேங்காய் துருவி வாங்குவதென்றாலும் என் மனுசன் கிளிபோட் மூன்று கிழமை விசாரிப்பார். முதலில் யூரியூப். பிறகு வேலைத்தலத்தில் கேட்பார். பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிற சனத்தை மறித்துக் கேட்பார். கடைசியில் தான் முதல் நாள் நினைத்ததையே வாங்கிக்கொண்டு வருவார். இப்படிப்பட்ட மனிதர் பிஸ்ரல், அதுதான் கைத்துப்பாக்கி, வாங்க வெளிக்கிட்டால் என் பாடு எப்படியிருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ரவுடிகள் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். நான் வோபர்ன் பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். அவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை. சனிக்கிழமைகளில் பிக்கரிங்குக்கு வடக்கே இருக்கிற ஒரு துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போய்க் குறி வரைந்த கடதாசி அட்டையைச் சுட்டுவிட்டு, வரும் வழியில் கோப்பி குடித்துவிட்டு வருவோம். எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் முகம் மாறிவிடும். துவக்குக்கும் சண்டைக்கும் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த நீங்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

தொடக்கி வைத்தது அவர். துவக்கு லைசென்சுக்கு மனைவியும் கையெழுத்துப் போடவேண்டுமாம். என்ன ஏதென்று தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அப்படியென்றால் நீரும் வகுப்புக்கு வந்து படியும் என்றார், என்னைச் சீண்டுகிறதாய் நினைத்துக்கொண்டு. நான் போனேன், படித்தேன், சோதனையில் அவரைவிடக் கூடப் புள்ளி எடுத்து நானும் லைசென்ஸ் வாங்கினேன். அந்தப் புள்ளிக் கதையை அவர் அப்போது ஒருவருக்கும் சொல்லவில்லை. அதனால்தான் நான் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

மன்னாரில் நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது துவக்கோடு யாராவது தெருவில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு நடப்போம். எந்தப் பக்கத்து ஆள் என்று நிமிர்ந்து பார்க்கவும் பயம். கிளப்பில் முதல் நாள் பிஸ்ரலை மேசையிலிருந்து எடுக்கவே எனக்குக் கனநேரம் எடுத்தது. சொல்லித் தந்த பெண், அவசரமில்லை, மூச்சை விட்டுவிட்டுச் சுடு என்றாள். சுட்டேன். அட்டையின் நட்டநடுவில் ஓட்டை. நான் சிரித்த சிரிப்பில் காதை மூடிக்கொண்டு நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனையோ வருடமாய் வயிற்றுக்குள் கிடந்த ஒரு பயம் அன்றைக்கு எழும்பிப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அதன்பிறகு கிளப்பின் பிஸ்ரல்களையே இரவல் வாங்கிச் சுட்டுக்கொண்டிருந்தோம். 2022 மே மாதக் கடைசியில் அரசாங்கத்தின் அறிவிப்பு வந்தது. இனித் தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்குவது, விற்பது, கைமாற்றுவது எல்லாவற்றையும் நிறுத்தப்போகிறார்களாம். எப்படியும் மாரிப் பனி கொட்டுவதற்கு முன்னம் நடந்துவிடும் என்று கதை. கடைகளில் சனம் அள்ளிக்கொண்டு போனது. எங்கள் வீட்டுக் கூரையும் அந்த வருடம்தான் ஒழுகத் தொடங்கியபடியால் எங்களால் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். அந்த ஒன்றையும் ஒருவர் பெயரில்தான் பதியலாம். சட்டம் வந்தபிறகு புருசன் பெண்சாதிக்குக்கூட மாற்றிக் கொடுக்க ஏலாது. பெயருள்ளவர் பக்கத்தில் நின்றால்தான் மற்றவர் அதால் சுடலாம்.

யார் பெயரில் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. வீடு அவர் பெயரில், வாங்கின காலத்தில் எனக்குக் கிரெடிட் இல்லை. கார் அவர் பெயரில், இன்சூரன்ஸ் குறையும் என்று. என் போன்கூட அவர் கணக்கில்தான். சண்டை பிடித்துப் பறித்ததென்று ஒன்றுமில்லை, எல்லாம் தன்பாட்டில் அப்படி நடந்தது. பிஸ்ரலும் அப்படியே நடந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அது வேண்டும். என் கைக்கு அளவானதாய், என் பெயரில் வேண்டும். ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் இருத்துகிற நான் இதை மட்டும் வாய் திறந்து கேட்கவில்லை. வெட்கமோ வீம்போ தெரியாது. அவராய்க் கேட்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரோ ஹாமரா ஸ்ரைக்கரா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். பிஸ்ரலில் பெரிதாய் இந்த இரண்டு வகைதான். ஒன்றில் பின்பக்கம் சின்னச் சுத்தியல் மாதிரி ஹாமர் வெளியே தெரியும். விசையை அழுத்தினால் அது விழுந்து அடிக்கும். மற்றதில் அடிக்கிற ஊசி ஸ்பிரிங்கோடு உள்ளுக்குள் ஒளித்திருக்கும், அதுதான் ஸ்ரைக்கர். கிளிபோட் ஹாமர்க் கட்சி. நான் ஸ்ரைக்கர்க் கட்சி. இரண்டு மாதமாய்ச் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் 401 நெடுஞ்சாலை நெரிசலிலும் இதே கதை.

கண்ணுக்குத் தெரிகிற சாமானைத்தான் நம்பலாம் என்பது அவருடைய வாதம். ஹாமர் பின்னுக்கு நிற்கிறதா முன்னுக்கு நிற்கிறதா என்று பார்த்தவுடனே தெரியும். ஸ்ரைக்கர் உள்ளே என்ன செய்கிறதென்று யாருக்குத் தெரியும்? அநேகமானவற்றில் கையால் தட்டிவிடுகிற பாதுகாப்புப் பூட்டும் கிடையாது. கழற்றித் துடைப்பதற்கு முன் சிலவற்றில் விசையை ஒருக்கால் அழுத்த வேண்டும். உள்ளே குண்டு இருப்பது தெரியாமல் அழுத்தினால் கதை கந்தல். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுப்பதற்கும் பலம் வேண்டும், உம்முடைய கை தாங்காது என்றார். மாரிகாலத்து விடியலில் பஸ்ஸின் முன்மூடியை, அந்தப் பாரமான பொனற்றை, நிமிர்த்துகிற கை இது, அவர் கண்டாரா?

நான் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். கிளப்பின் ஹாமர் பிஸ்ரலில் விசையின் முதல் இழுப்பு நீளம், பாரம். இரண்டாவது இழுப்பு இலேசு. அதனால் என் முதல் குண்டு எப்போதும் கீழே போய்விழும். ஸ்ரைக்கரில் முதலாவதும் கடைசியும் ஒரே மாதிரி. பஸ்ஸின் பிரேக் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் பிடிக்கவேண்டும், ஒருமுறை இறுக்கமாயும் மறுமுறை லூசாயும் பிடித்தால் அந்த பஸ்ஸை நான் வெளியில் எடுக்கவே மாட்டேன். உள்ளே பாகங்களும் குறைவு, துடைப்பதும் சுகம். குண்டு இருக்கிறதா இல்லையா என்பதைத் திறந்து இரண்டு தரம் பார்க்கவேண்டியது எந்தப் பிஸ்ரலுக்கும் பொதுவான சட்டம். பார்க்கப் பஞ்சிப்படுகிற சோம்பேறி எதையும் தொடக்கூடாது. இதைக் கேட்டு அவர் போனைக் கையிலெடுத்தார். பிறகு யூரியூப்பைத் தட்டினார்.

சும்மா இருந்தாரா? ஒரு பேர்த்டே பார்ட்டியில் அருள்நாயகம் அண்ணையிடமும் போய்க் கேட்டுவைத்தார். அண்ணை ரியல் எஸ்ரேற் ஏஜென்ற். வாழ்நாளில் தண்ணீர்த் துப்பாக்கிகூடப் பிடிக்காதவர். ஆனாலும் ஆட்டிறைச்சியை வாயில் வைத்தபடி முழுவதையும் கவனமாய்க் கேட்டுவிட்டு, எங்கள் சனம் எதை வாங்கினாலும் கேட்கிற அந்த ஒரே கேள்வியைக் கேட்டார். ரெண்டிலை எதுக்கு ரீசேல் விலை கூட? கிளிபோட்டின் முகம் செத்துப்போய்விட்டது. அதுவரைக்கும் அவர் அதை யோசிக்கவேயில்லை. இதற்கு ரீசேலே கிடையாது. விற்கவும் ஏலாது, மாற்றவும் ஏலாது, இரண்டு வருடம் பாவித்துவிட்டு நல்லதாய் இன்னொன்று எடுக்கவும் ஏலாது. சாகுமட்டும் அதோடுதான் சீவியம். அன்றிரவு மனிதருக்கு நித்திரையில்லை. கலியாணம் பேசினபோதுகூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை என்றார். அதற்கு நான் சொன்ன மறுமொழியை இங்கே எழுத முடியாது.

மகள் ஸ்டெபனிக்கு என் மனது தெரியும். ஒருநாள் குசினிக்குள் வந்து மெதுவாய்ச் சொன்னாள். "அம்மா, உங்களுக்கு அது வேணும், ஐ நோ. அப்பாட்டைக் கேளுங்கோவன். ஹீ கான்ற் ரீட் யுவர் மைன்ட்." வாயைப் பொத்திக்கொண்டு கோப்பையைக் கழுவு என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கிழமை முழுக்க அவள் சொன்னதுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஓகஸ்ட் மாதம் மிசிசாகாவில் ஒரு கடைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிகள் பாதிக்கு மேல் வெறுமை. எங்களுக்குச் சரிவரக்கூடியதாய் மிஞ்சியிருந்தது இரண்டே இரண்டு. ஒன்று ஹாமர், ஒன்று ஸ்ரைக்கர். கடைக்காரப் பையன் இரண்டையும் திறந்து, வெறுமையாய் இருப்பதைக் காட்டி, மேசையில் வைத்தான். கிளிபோட் அவனுக்கே வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். தெரிகிற ஹாமர், தெரியாத ஊசி, பூட்டு, கழற்றுகிற முறை, ஒன்றையும் விடவில்லை. அந்தப் பிள்ளையும் பாவம், தலையாட்டிக்கொண்டு நின்றது.

நான் ஸ்ரைக்கரை எடுத்து, திறந்து, நானும் ஒருமுறை பார்த்தேன். மேல்பாகத்தை ஒரே இழுவையில் பின்னுக்கு இழுத்தேன். வெறுமனே அழுத்திப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு, சுவரில் இருந்த குறியைப் பார்த்து அழுத்தினேன். டிக். பிஸ்ரலின் நுனியிலிருக்கிற முன்குறி அசையவில்லை. திரும்ப இழுத்து, இன்னொருமுறை டிக். அப்போதும் அசையவில்லை. கைப்பிடி என் உள்ளங்கையில் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோசத்தில் காது சூடாகிவிட்டது.

"இஞ்சை தாரும் பாப்பம்" என்று கிளிபோட் அதை வாங்கி, மேல்பாகத்தை இழுத்தார். அழுத்தினார். புருவம் உயர்ந்தது. திரும்பவும் இழுத்து அழுத்தினார். பிறகு ஹாமரை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மறுபடியும் ஸ்ரைக்கரை எடுத்தார். இரண்டு மாதமாய் அதைத் திட்டித் தீர்த்த மனிதர், புதுச் சைக்கிள் கிடைத்த பொடியன் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீர் சொன்னது சரிதான், செலீன். உது மாதிரி வராது" என்றார். சொல்லிக்கொண்டே மற்றக் கையால் பேர்சை எடுத்து, தன் லைசென்சை மேசையில் வைத்தார்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டு மாதம் தொண்டை கிழியக் கத்தி வாதாடி வென்றேன். வென்றதால் பிஸ்ரல் அவருக்குப் போகப்போகிறது. பேசாமல் ஹாமர்தான் நல்லது என்று அவரோடு சேர்ந்து ஆமாப் போட்டிருக்கலாம், எனக்குப் பிடித்ததாவது அவர் பெயருக்குப் போயிராது. பையன் லைசென்சை எடுக்கக் கையை நீட்டினான். இந்த நிமிடமும் வாய் திறக்காவிட்டால் பிறகு சட்டமே திறக்க விடாது.

"உது எனக்கு" என்றேன்.

கிளிபோட் திரும்பினார். கோபமில்லை, விளங்கவில்லை. "ரெண்டு பேருக்கும் தானே?"

"இல்லை. எனக்கு. என்ர பேரிலை." என் குரல் நடுங்கியது. பஸ்ஸில் ஒருநாளும் நடுங்காத குரல். "எனக்கெண்டு ஒண்டும் நான் கேட்டதில்லை. இதைக் கேக்கிறன்."

அவர் கையிலிருந்த பிஸ்ரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூரை, கார், வீடு எல்லாம் அவர் மண்டைக்குள் ஓடியதா என்று எனக்குத் தெரியாது. அவர் அவ்வளவு யோசிக்கிற ஆளுமில்லை. பிஸ்ரலை மெதுவாய் மேசையில் வைத்தார். தன் லைசென்சை எடுத்துப் பேர்சுக்குள் செருகினார்.

"இதை வாய் திறந்து சொல்லுறதுக்கு ரெண்டு மாசமோ, மனுசி?"

"நீங்கள் கேக்கேல்லை."

"கேக்கேல்லைதான்" என்றார். பிறகு பையனிடம் திரும்பி, வீட்டில் நல்லாய்ச் சுடுகிறவள் இவள்தான், சோதனையிலும் இவளுக்குத்தான் கூடப் புள்ளி என்று ஆங்கிலத்தில் சொன்னார். கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். நான் லைசென்சைத் தேடுகிற சாட்டில் கைப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பதிவு வந்துசேரச் செப்டெம்பர் கடைசியாகிவிட்டது. முதல் சனிக்கிழமை கிளப்பில் நான் சுடச்சுட அவர் பின்னுக்கு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் குண்டும் கடைசிக் குண்டும் ஒரே இடத்தில். அட்டையைக் கிட்ட இழுத்துப் பார்த்தபோது என்னைவிட அவருக்குத்தான் புழுகம், வாயெல்லாம் பல். அடுத்த சுற்றுக்குக் குண்டு போட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒருக்கால் செருமினார். காலை மாற்றி நின்றார். பிறகு என் தோளுக்குக் கிட்ட வந்தார்.

"செலீன், ஒருக்கா நானும் சுடட்டே?"

கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் இவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வருமட்டும் நின்றது அன்றைக்குத்தான். நான் உடனே சொல்லவில்லை. அந்தச் சுற்றை ஆறுதலாய், அவசரப்படாமல் சுட்டு முடித்தேன். பிஸ்ரலைத் திறந்து, வெறுமையா என்று இரண்டு தரம் பார்த்து, மேசையில் வைத்தேன். அவர் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தார். ஓம் என்றேன். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம் என்பதால், அந்த ஓம் அப்படி இனித்தது.