மச்சானின் விரல்

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தனக்குத் தெரியாத விஷயம் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது அவருக்குப் பயம் வரவில்லை. தன்னைக் கேட்காமல் வந்துவிட்டதே என்று கோபம்தான் வந்தது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் மெஷினை எடுத்து வைத்து நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள். "முதல்ல கையை சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைச்சுக்கோங்க. விரல் நுனியில நடுவுல குத்தாதீங்க, ஓரமா குத்தினா வலி கம்மி. ரத்தம் வரலைன்னு போட்டுப் பிதுக்கக் கூடாது. ஸ்ட்ரிப் எடுத்ததும் டப்பாவை மூடிடணும்..."

"ஏம்மா, லாரி ஓட்டவே கத்துக் கொடுக்கிறவன் நான். தீப்பெட்டி அளவு இருக்கு, இது ஒரு மெஷினா?" என்று பாதியிலேயே எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை ஓர் ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டே மெஷினைத் தட்டினார். விரலில் குத்தினார், ரத்தத்தைத் தொட்டு வைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு.

மாஸ்டர் அப்படியே சோபாவில் சாய்ந்தார். வண்டிகளின் இன்சூரன்ஸ் பேப்பர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார். வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "அம்மாவைப் பத்திரமா பாத்துக்கோம்மா" என்று தழுதழுத்தார்.

மனைவி அவர் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். "விரல் பூரா பழச்சாறு. உங்களுக்கு எவ்வளவு சர்க்கரைன்னா கேட்டீங்க? ஆரஞ்சுக்கு எவ்வளவுன்னு கேட்டிருக்கீங்க." குழாயடிக்கு இழுத்துப் போய்க் கழுவித் துடைத்து, வேறு விரலில் அவளே குத்தினாள். நூற்று எழுபத்தொன்று.

போனில் சிரித்து ஓய்ந்த மகள் கண்டிப்பாகச் சொன்னாள்: "இனிமே தினமும் காலையில எந்திரிச்சதும், எதுவும் சாப்பிடாம பாக்கணும். மெஷினைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும்."

அன்றிலிருந்து மாஸ்டருக்கு நோய் மறந்து நம்பர்தான் கவலையாகிப் போனது. காய்கறிக்காரியிடம் பேரம் பேசுவதுபோல மெஷினிடம் பேரம் பேசினார். ஒரு விரலில் கூடுதலாக வந்தால் அடுத்த விரல், அதுவும் சரியில்லையென்றால் அடுத்த கை. எது குறைச்சலோ அதுதான் மகளுக்குப் போகும். நடக்கவும் இல்லை, வாயைக் கட்டவும் இல்லை. விரல்கள் மட்டும் சல்லடையாகிவிட்டன.

ஒரு நாள் எந்த விரலும் இரங்கவில்லை. அந்த நேரம் பார்த்து ரொட்டியோடு வந்து நின்றான் மச்சான். மனைவியின் தம்பி, பக்கத்துத் தெருவில் பேக்கரி வைத்திருப்பவன். தன் கடை கேக்குக்குத் தானே முதல் வாடிக்கையாளன். "சீக்காளி மாமா, இன்னைக்கு என்ன மார்க்கு?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல ஒரு ஜக்குத் தண்ணீரையும் மடமடவென்று குடித்தான். அடுப்புச் சூட்டில் நிற்கிறவனுக்குத் தாகம் இருக்காதா என்று யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

"நீ ஏதாவது சாப்பிட்டியா?"

"இன்னும் பல்லுலயே ஒண்ணும் படல."

"அப்ப விரலைக் கொடு. புது ஊசிதான் போடறேன்."

மச்சானுக்கு ஒரே குஷி. "என் ரத்தம் பத்தரைமாத்துத் தங்கம் மாமா. உங்க மெஷினும் நல்ல நம்பரைப் பாக்கட்டும்!"

முந்நூற்று இருபத்தாறு.

"போய் கையைக் கழுவிட்டு வாடா, சர்க்கரைப் பாகு ஒட்டியிருக்கும்." கழுவித் துடைத்து வந்தான். முந்நூற்றுப் பத்தொன்பது.

ஒரு கணம் மாஸ்டருக்கு உள்ளுக்குள் தேன் பாய்ந்தது. சீக்காளி, சீக்காளி என்று தினமும் கேலி பண்ணினாயே என்று சொல்ல வாயைத் திறந்தார். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. "மாமா... மெஷின் தப்புதானே? நீங்கதான எப்பவும் சொல்வீங்க?" மாஸ்டர் கேலியை விழுங்கிவிட்டு அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மச்சான் மெல்லக் காலுறையைக் கழற்றினான். கால் கட்டைவிரலில் ஒரு புண். எப்போதோ ஷூ கடித்ததாம், ஆறவே இல்லையாம்.

சமையலறையிலிருந்து வந்த மனைவி இருவர் விரலிலும் ரத்தத்தைப் பார்த்தாள். "என்ன, ரெண்டு பேரும் ரத்த சத்தியம் பண்றீங்களா?" என்றவள், விஷயம் தெரிந்ததும் அடுப்பை அணைத்தாள். இருவரையும் ஆட்டோவில் ஏற்றினாள்.

கிளினிக்கில் நர்ஸ் விளாசித் தள்ளினாள். "ஒருத்தர் மெஷின் ஒருத்தருக்குத்தான். ஊசியை மாத்திட்டேன்னு சொல்லித் தப்பிக்காதீங்க, மெஷின்லயும் ரத்தம் படும். அடுத்தவர் விரல்ல குத்தினா உங்க சர்க்கரை இறங்கிடுமா? நாளைக்கு மாத்திரையையும் அவரையே முழுங்கச் சொல்வீங்களா?" மாஸ்டர் சுவரில் இருந்த விளம்பரத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் புண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்." மச்சான் குலுங்கிக் குலுங்கி அழுதான். பத்தரைமாத்துத் தங்கமெல்லாம் கண்ணீரில் கரைந்து ஓடியது.

புண் ஆற ஆற, மாஸ்டரின் தலைக்கனம் ஏறியது. கார் ஓட்டக் கற்க வந்தவர்களிடமெல்லாம், "டாக்டருக்கே தெரியாததை நான் கண்டுபிடிச்சேன். மச்சான் காலைக் காப்பாத்தினதே நான்தான்" என்று அளந்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று யாராவது கேட்டால், "பிரேக்கைப் பாருங்க, பிரேக்கை!" என்று அதட்டினார்.

மச்சான் சொந்தமாக மெஷின் வாங்கினான். கேக்கைத் தொடுவதில்லை, புண் ஆறியதும் நடக்கவும் ஆரம்பித்தான். ஒரு காலை அக்காள் வீட்டு மேஜை முன்னால் இருவரும் கழுவிய கையோடு, அவரவர் மெஷினோடு உட்கார்ந்தார்கள். மச்சானுக்கு நூற்று இருபத்தெட்டு. மாஸ்டருக்கு நூற்று அறுபத்திரண்டு.

"இது யார் விரல்டா?" என்றார் மாஸ்டர் சந்தேகமாக.

"என் விரல்தான் மாமா. இன்னும் ஒன்பது இருக்கு, எதுல வேணாலும் பாருங்க."

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டர் விருட்டென்று எழுந்தார். வண்டிச் சாவியை எடுக்காமலே தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தார். உடம்புக்காக நடக்கச் சொல்லி டாக்டர், மகள், மனைவி என்று எல்லோரும் கெஞ்சியபோது அசையாத கால்கள், மச்சானிடம் தோற்றதும் ஓட்டமாய் ஓடின.