கப்பல் கண்காட்சியில் கண் முகாம்

சூளகிரியில் நெடுஞ்சாலையோரம் மூடிக்கிடந்த கப்பல் பயிற்சிக் கல்லூரியின் தரைத்தளத்தில் ஒரு கடல் அருங்காட்சியகம் இருந்தது. நங்கூரம், சுக்கான், திசைகாட்டிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பல் மாதிரிகள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவள் ஜெபசீலி. கடலுக்கும் அந்த ஊருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வாரத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். அதிலும் இரண்டு பேர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்திருப்பார்கள்.

அதை நடத்திவந்த அறக்கட்டளையின் மேலாளர் அண்ணாதுரை கறாராகச் சொல்லிவிட்டார்: "கூட்டம் வந்தா நடத்தலாம் மேடம். வரலைன்னா ஹாலை வேற எதுக்காச்சும் எடுத்துக்குவாங்க."

ஜெபசீலி 'கடல் திருவிழா' அறிவித்தாள். கம்பெனி வாசல்களில் ஷிஃப்ட் விடும் நேரம் பார்த்து நின்று நோட்டீஸ் கொடுத்தாள். கயிற்றில் மாலுமி முடிச்சுப் போடும் போட்டி, கொடியசைத்துப் பேசும் விளையாட்டு, தூத்துக்குடி மீன்குழம்பு. எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணாதுரை இலவசக் கண் பரிசோதனையையும் கூடச் சேர்த்துவிட்டார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே வரிசை சாலையைத் தொட்டது. ஜெபசீலிக்கு மனசு நிறைந்துபோனது. பதினொரு மணிக்குள் அந்த நிறைவு வற்றியும் போனது. வந்தவர்கள் அத்தனை பேரும் கண் டாக்டரைப் பார்க்க வந்தவர்கள். நங்கூரத்தின் மேல் பையை வைத்தார்கள். கப்பல் பெட்டியில் சாய்ந்துகொண்டு போன் பேசினார்கள். முடிச்சுக் கயிற்றை ஒருவரும் தொடவில்லை.

ஒரு பெண் மட்டும் வரிசையில் நிற்காமல் நேரே அவளிடம் வந்தாள். கையில் நாலாக மடித்த நோட்டீஸ்.

"கப்பல் ஆபீஸ் இதுதானுங்களா?"

"ஆபீஸ் இல்லக்கா, கண்காட்சி. என்ன வேணும்?"

"என் பேரு முனிலட்சுமிங்க. ஜவளகிரி. எம்பையன் சென்னகிருஷ்ணன் கப்பல் வேலைக்குப் போயிருக்கறான். ரெண்டு மாசமாப் பேசல. அனுப்புன ஏஜெண்டும் போனை எடுக்கமாட்டேங்கறான். கப்பல் எங்க இருக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க மேடம்."

கப்பல் பெயர் எழுதிய சீட்டை நீட்டினாள். கப்பல்கள் இருக்கும் இடம் காட்டும் தளத்தில் ஜெபசீலி தன் போனில் தேடினாள். வரைபடத்தில் நீலப்பரப்பின் நடுவே ஒரு புள்ளி. கடைசி சிக்னல் வந்து ஐம்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அதன்பிறகு ஒன்றுமில்லை.

ஜெபசீலியின் கணவன் சிங்கராயர் போன கப்பலும் இப்படித்தான் காணாமல் போனது. "விசாரிக்கிறோம், நம்பிக்கையா இருங்க" என்று ஆறு வருஷம் சொன்னார்கள். ஆறு வருஷமும் வீடு மாறாமல், போன் நம்பர் மாற்றாமல் காத்திருந்தாள். ஏழாம் வருஷம் தபாலில் இறப்புச் சான்றிதழ் வந்தது. முனிலட்சுமிக்கும் அப்படி வெறும் நம்பிக்கை கொடுக்கக்கூடாது என்று நினைத்தாள்.

"அக்கா, அம்பது நாளா இந்தக் கப்பல்லருந்து சிக்னல் இல்ல. எங்க இருக்குன்னு தெரியல. எதுக்கும் மனசைத் திடப்படுத்திக்கோங்க. மனு எழுதித் தாரேன், சென்னைல கப்பல் துறை ஆபீசுக்கு நானே கூட வாரேன்..."

முனிலட்சுமி கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இத்தனை சாமான் வெச்சுக்கினு, இவ்ளோ ஜனத்தைக் கூப்ட்டுக்கினு, தெரியலைங்கறியே. அப்புறம் எதுக்கும்மா கப்பலுன்னு போர்டு வெச்ச?"

ஜெபசீலி அவள் கையைப் பிடிக்கப் போனாள். முனிலட்சுமி உதறிவிட்டு வெளியேறினாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணாதுரை முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "எரநூத்திப் பதினாலு பேரு மேடம்! ட்ரஸ்ட்டுல ஒரே சந்தோஷம். மாசாமாசம் கண் முகாமை இங்கயே வெக்கச் சொல்லிட்டாங்க. இந்தச் சாமானையெல்லாம் மாடிக்கு ஏத்திட்டா இன்னும் நூறு பேரு உக்காரலாம்."

"அப்ப மியூசியம்?"

"நீங்க டோக்கன் குடுங்க மேடம். உங்க வேலை எங்கயும் போவாது."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். முனிலட்சுமி சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஜெபசீலி மூச்சிரைக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்காரரும் கப்பல்லதாங்க்கா போனாரு. இதே மாதிரி தகவல் இல்லாம இருந்துச்சு."

முனிலட்சுமி சட்டென்று திரும்பினாள். அவள் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

"வந்துட்டாரா?"

ஜெபசீலி தலையாட்டினாள், இல்லையென்று.

முனிலட்சுமி எழுந்து பத்தடி தள்ளிப்போய் நின்றுகொண்டாள். ஓசூர் பஸ் வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறிப்போனாள்.