கற்பூரம் பட்ட மூடி

அன்று கடையில் இருந்தவர்கள்: கடைக்காரன் இனாயத், அவனோடு லேப்டாப் பழுது பார்க்கும் நான், மந்தைவெளியிலிருந்து வந்த நீரஜா, அவளுடைய மாமனார் ஜெயராம். பாண்டி பஜாருக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. நாலு பேர் நின்றால் ஃபேன் காற்று யாருக்கும் வராது.

நீரஜா பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தாள். மூடியின் நடுவில் பிளாஸ்டிக் உருகி வட்டமாகக் குழிந்திருந்தது. ஓரத்தில் குங்குமம்.

"இன்னாம்மா இது, தோசை வார்த்தீங்களா?" என்றான் இனாயத்.

"ஆயுத பூஜைக்குப் புஸ்தகத்தோட இதையும் வெச்சோம். அப்பா கற்பூரம் காட்டிட்டு தட்டை இது மேல வெச்சுட்டார்."

"கறுப்பா, தட்டையா இருந்தது. மணைன்னு நெனச்சுண்டேன்," என்றார் ஜெயராம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை முடியும்வரை அவர்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். தட்டு அங்கேயே இருந்து ஆறியது. காலையில் தூக்கினால் மூடியும் சேர்ந்து வந்தது.

லேப்டாப் அவளுடையதில்லை. ஆழ்வார்பேட்டையில் அவள் புதிதாகச் சேர்ந்த சாஃப்ட்வேர் கம்பெனியுடையது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சாயங்காலம் அதை ஆபீஸுக்கு எடுத்துப் போக வேண்டும். அதற்குள் மூடி மாற வேண்டும், ஆபீஸுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வேலையே போய்விடும் என்று பயந்தாள்.

போட்டுப் பார்த்தேன். திரைக்கு ஒன்றுமில்லை. இதே மாடலில் போர்டு செத்த ஒன்று எங்களிடம் கிடந்தது, அதன் மூடியைக் கழற்றி மாட்டலாம். இனாயத் லேப்டாப்பைக் கவிழ்த்தான். அடியில் ஒரு திருகின் மேல் கம்பெனி ஒட்டிய சீல்.

"இங்க சீல் கீது பாரும்மா. இதைக் கிழிக்காம மூடி கழலாது. கிழிச்சா வாரண்டி காலி. நாளைக்கு உள்ள எது போனாலும் கம்பெனிக்காரன் தொடமாட்டான்."

"மூடிதானேப்பா மாத்தறே? உள்ளே ஒண்ணும் பண்ணப் போறதில்லையே?" என்றார் ஜெயராம்.

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் மாமா. அவன் நம்புவானா?"

"கம்பெனி சர்வீஸ்லயே குடுத்தா?" என்று கேட்டாள் நீரஜா.

"மூடிக்குக் காசு வாங்குவான். சூடு போட்டதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது. மத்ததுக்கு வாரண்டி அப்படியே நிக்கும். ஆனா பில்லு உங்க ஆபீஸ் பேர்லதான் போடுவான்."

"ஆட்டோலேர்ந்து விழுந்துடுத்துன்னு சொல்லிடேன்," என்றார் ஜெயராம்.

"விழுந்தா உருகுமாப்பா?" என்றாள் நீரஜா.

இனாயத் கடிகாரத்தைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டும். ஸ்க்ரூடிரைவர் நுனியைச் சீல் மேல் வைத்தான். "சொல்லும்மா. கிழிக்கவா?"

கிழிக்கச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அந்த மேஜை முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் அதைத்தான் சொன்னார்கள்.

"வேண்டாம். பின்னாடி ஏதாவது கெட்டுப்போச்சுன்னா சீலைப் பார்ப்பா. அப்போ இந்தப் பொய்யை மறைக்க இன்னொண்ணு சொல்லணும்." எங்கள் கடைப் போனை இழுத்து ஆபீஸ் நம்பரை அழுத்தினாள்.

"நானும் வந்து சொல்றேனே?" என்றார் ஜெயராம்.

"ஸ்கூல்ல தகப்பனாரைக் கூட்டிண்டு வந்த மாதிரி இருக்கும்ப்பா. சித்த சும்மா இருங்கோ... ஹலோ, சார்? லேப்டாப் மூடி உருகிடுத்து சார். கற்பூரத் தட்டு... ஆமா சார், கற்பூரம்... இல்ல, யாரும் திறக்கலை. சீல் அப்படியே இருக்கு... சரி சார்."

போனை வைத்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை.

"வேலை இருக்கு. அவாளே சர்வீஸுக்கு அனுப்பறாளாம், மூடிக்கு என் சம்பளத்துல பிடிச்சுப்பா. ஆனா இனிமே இதை ஆத்துக்கு எடுத்துண்டு போகக் கூடாதாம்."

"போகட்டும், விடு."

"விடறதாவது? ஆத்துல பண்ணிண்டிருந்த வேலையை ஆபீஸ்லயே உக்காந்து முடிக்கணும். ராத்திரிச் சமையல் இனி உங்களோடது."

"எனக்குக் குழம்பு வராதே," என்றார் ஜெயராம்.

"கத்துக்கோங்கோ." லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

இனாயத்தும் நானும் வெளியே வந்து காத்திருந்தோம். ஜெயராம் அறைக்குள்ளேயே நின்று, எங்கள் பழைய லேப்டாப்பின் நல்ல மூடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, தொழுகைக்கு நேரமாச்சு."

வந்தார். அவர் வாசலைத் தாண்டியதும் இனாயத் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான்.