டர்போவின் மூன்று ஸ்டட்

கடலே இல்லாத ஊரில் படகு இன்ஜின் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா?

ஆரணியில் என் அக்கா கற்பகத்தின் ஷெட்டில் ஒன்று ஓடியது. சென்னைக் காசிமேட்டில் பழைய விசைப்படகு ஒன்றை உடைத்தபோது நான்தான் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். அப்போது அங்கே ஃபிட்டராக இருந்தேன். ஆறு சிலிண்டர், புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குக் காற்று ஊதும் டர்போ வைத்தது. இருபது வருஷம் உப்புத் தண்ணீரில் சூடு ஆறிய இன்ஜின், லாரியில் ஆரணிக்கு வந்து, ஜெனரேட்டரோடு பூட்டப்பட்டு, கிணற்றுத் தண்ணீருக்குப் பழகிக்கொண்டது. அக்காவின் ஆறு பவர்லூமுக்கும் பக்கத்து நான்கு வீடுகளுக்கும் அதிலிருந்துதான் லைன். 2008-இல் கரண்ட் போன போக்கில், அது இல்லையென்றால் தெருவில் பாதிக்குச் சத்தமே இருக்காது.

அந்த மார்கழியில் நான் பஹ்ரைனிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தேன். விசா வேலையாகச் சென்னை போயிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"டர்போவாண்ட ஆணி முறிஞ்சி போச்சுடா. புகையெல்லாம் ஷெட்டுக்குள்ளயே வருது. வெள்ளப் பாவு மேல கரி வுயுது. நிறுத்திட்டோம்."

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூல். புகைக்குழாயோடு டர்போவைச் சேர்த்துப் பிடிப்பது நான்கு ஸ்டட். தலையில்லாத ஆணி மாதிரி இருக்கும். ஒரு முனை இரும்புக்குள் இறங்கியிருக்கும், மறுமுனையில் நட்டு ஏறும். சூட்டிலேயே கிடப்பதால் துருப்பிடித்து முறிவது உண்டு. நான்கில் மூன்று போய்விட்டது என்றாள்.

"மெக்கானிக் யாரும் இல்லையா?"

"வேலூர்லேருந்து ஒருத்தன் வந்தான். கப்பலு இன்ஜின் எனக்குத் தெரியாதும்மான்னு டீ குடிச்சிட்டுப் பூட்டான்." அப்புறம் சொன்னாள்: "நீ பஹ்ரைன் போறதுக்குள்ள ஓட வச்சிட்டுப் போடா. இல்லனா உங்க மாமா செய்யார் கம்பெனிக்குப் போறேன்றாரு. பேரு குடுத்துட்டாரு. ஷெட்ட மூடிடணுமாம்."

புது ஸ்டட் நான்கும் பித்தளை நட்டும் கேஸ்கெட்டும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மறுநாள் அமாவாசை. அன்றைக்கு எந்தத் தறியும் ஓடாது. அதற்கடுத்த நாள் காலை மாமாவைக் கூட்டிப்போகக் கம்பெனி பஸ் தெரு முனைக்கு வரும். எனக்கும் அன்று ராத்திரி விமானம். ஆக, கையில் இருந்தது அமாவாசை ஒரு நாள்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும், அதற்குள் வெல்டிங் முடிய வேண்டும். மாமா சக்கரவர்த்தி கூடவே நின்றார். போளூர்ப் பக்கம் நெசவுக் குடும்பம். கல்யாணமானதிலிருந்து எங்கள் வீட்டோடு இருப்பவர். அதிகம் பேச மாட்டார்.

பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணு பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். அவர் வீட்டு மூன்று தறியும் இந்த லைனில்தான்.

"இன்னா தமிழு, கப்பலு இன்னிக்கிக் கெளம்புமா? இல்ல நாளைக்கும் நாங்க தறியாண்ட குந்திகினு கொசு அடிக்கணுமா?"

"கெளம்பும்ணா."

"சக்கரவர்த்தி இருக்காரு, கப்பலு இருக்கு. போருக்குத்தான் யாரும் வரல!" என்று சிரித்துவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார். மாமா சிரிக்கவில்லை.

மிச்சமிருந்த ஒரு நட்டைக் கழற்றி, டர்போவை உத்தரத்தில் கயிறு கட்டித் தூக்கி இறக்கினோம். முறிந்த ஸ்டட்டுகளின் வெளிப்பாதி நட்டோடு டர்போ பக்கத்திலேயே இருந்தது. மூன்றையும் தட்டி எடுத்து, மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினேன். இது என் பழக்கம். எப்படி முறிந்தது என்று தெரியாமல் புதுசு போட்டால், புதுசும் அப்படியே போகும்.

முதல் ஸ்டட்டின் முறிந்த முகம் கறுப்பு. ரொம்ப நாளாக விரிசல் விட்டு, தானாகப் போனது. மற்ற இரண்டின் முகத்தில் கரி கழுவிப்போனதும் பளபளவென்று கோடுகள் தெரிந்தன. பக்கத்தில் பக்கத்தில், ஒரே திசையில். முக்கால் பங்கு கோடு, மீதி கால் பங்கு மட்டும் பிய்ந்த இரும்பு. இரண்டு இரும்புக்கும் நடுவில் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு மட்டும் நுழைகிற அளவுக்குத்தான் இடம் இருந்திருக்கும்.

நான் நிமிர்ந்தேன். மாமா பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது.

"மாமா, இது தானா போனது. இந்த ரெண்டு?"

"பாத்துட்டியா மச்சான்."

"பிளேடுதான?"

"ம். மொத ஆணி போனப்பதான் தோணிச்சி. மூணு நாளு, இன்ஜின் ஆறின பொறவு, கொஞ்சங் கொஞ்சமா."

எனக்குக் கோபம் வந்தது. "போறதுனா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போறதுதான? அஞ்சு வூட்டுத் தறி நிக்கிது."

"ரெண்டு தபா சொன்னேன். தறியில கெடக்குற பாவு முடியட்டும், அப்பறம் போன்னா உங்கக்கா. நாயம்தான். ஒரு தறியில பாவு முடியும். அப்ப இன்னொன்னுல பாதி கெடக்கும். ஆறு தறி மச்சான். ஆறும் ஒரே நாள்ல என்னிக்கி முடிஞ்சிக்கிது?"

நான் மூன்று துண்டுகளையும் தரையில் விரித்த தாளில் வைத்தேன்.

"ஒரு நாளு கத்திரிய எடுத்துகினு தறியாண்ட போயி நின்னேன். அறுத்துப் போட்டுட்டுப் பூடலாம்னு. கை வரல. தறியில ஏறின பாவ அறுத்தா வூடு வெளங்குமா? அதான் இதுல வச்சேன். இரும்புக்கு இன்னா வந்துச்சி."

எங்கள் தெருவில் பிறக்காதவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். எங்களுக்கு அப்படித் தெரியாது. வீட்டில் சாவு விழுந்தாலும் தறியில் ஏறிய பாவை அறுக்க மாட்டோம். துணி போட்டு மூடி வைத்துவிட்டு, காரியம் முடிந்து வந்து நெய்வோம். அந்த மனுஷனுக்கு இன்ஜினை அறுக்கத் தோன்றியதே தவிர பட்டு நூலில் கை வைக்க முடியவில்லை.

"கம்பெனியில இன்னா இருக்கு மாமா, அப்பிடி?"

"ஒண்ணியும் இல்ல. அங்க மிஷினு நின்னா எவனும் என் மூஞ்சியப் பாக்க மாட்டான். இங்க இது நின்னா தெருவே பாக்குது. தூக்கத்துலகூட இது ஓடுதா ஓடுதான்னு காது கேட்டுகினே இருக்கு. பேஜாரா இருக்கு மச்சான்."

நானும் போனவன்தான். பத்தொன்பது வயதில், போளூரில் இரண்டு நாள் வேலை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் காசிமேட்டுக்குப் போனேன். என் தறியில் கிடந்த பாதிச் சேலையை யார் நெய்து முடித்தார்கள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அதனால் அவரைத் திட்டுவதற்கு என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை.

"நான் இத சரி பண்ணிட்டுத்தான் போவேன் மாமா," என்றேன். "இன்ஜின் ஓடும். அப்பறம் நீங்க போறதும் இருக்கறதும், அக்காகிட்ட சொல்லிட்டுச் செய்ங்க."

அவர் பீடியை மிதித்து அணைத்தார். "எத்தப் புடிக்கணும், சொல்லு."

உள்ளே மாட்டியிருந்த இரண்டு துண்டுகளின் மேலும் ஒவ்வொரு இரும்பு நட்டை வைத்து வெல்டு அடித்தேன். சூட்டோடு மெழுகுவத்தியைக் காட்டினால் மெழுகு உருகித் திருகு மரைக்குள் இறங்கும். ஸ்பேனரை மாமாதான் பிடித்தார். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். நேராக இழுத்தால் அறுந்துவிடும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தானே அறுத்த ஸ்டட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு பதமாக அவர் வெளியே எடுத்ததைப் பார்த்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. இரண்டாவது வெளியே வந்ததும் கரண்ட் போனது.

தானாக முறிந்த முதல் ஸ்டட்தான் வம்பு செய்தது. உள்ளுக்குள் ஆழமாகப் போயிருந்தது. ஒரு மணிக்குக் கரண்ட் வந்தபின் நடுவில் புள்ளி குத்தி, சின்ன டிரில்லில் ஆரம்பித்துப் பெரிய டிரில்லுக்குப் போனேன். மரை சேதமாகாமல் மிச்சத்தைச் சுரண்டி எடுக்க நாலரை ஆனது. நான்காவது பழையதையும் கழற்றிவிட்டு, புது ஸ்டட் நான்கையும் போட்டு, புது கேஸ்கெட் வைத்து, டர்போவைப் பூட்டினோம். நட்டை ஒரே பக்கமாக முறுக்காமல் எதிர் எதிராக மாற்றி மாற்றி முறுக்கினோம்.

அப்போதுதான் அக்கா டீ கொண்டுவந்தாள். தரையில் விரித்த தினத்தாளின் மேல் பழைய துண்டுகள் கிடந்தன. எடுத்து மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் கை எல்லாம் கிரீஸ். அவள் டம்ளரை வைத்துவிட்டு ஒரு துண்டை எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள். நாள் முழுவதும் நூலைப் பார்க்கிற கண். இழை தானாக அறுந்தால் நுனி பிசிறாக இருக்கும், வெட்டினால் மொட்டையாக இருக்கும். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாமா சுவரைப் பார்த்தார்.

"பாவு எல்லாம் முயுசா இருக்குதில்ல?" என்று கேட்டாள்.

"இருக்கு," என்றார் அவர். "அதுல கை வைக்கல."

அக்கா துண்டைத் தாளிலேயே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "மூணாவது தபாவும் சொல்லியிருக்கலாம்ல," என்றாள். குரல் உயரவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "தமிழு, இத எப்பிடி ஸ்டார்ட் பண்றது? காட்டு."

"மாமாவுக்குத் தெரியுமேக்கா."

"எனக்குக் காட்டுடா."

டீசல் வால்வு, கிணற்றுத் தண்ணீர் பம்பு, எண்ணெய் அளக்கும் குச்சி, எல்லாவற்றையும் காட்டினேன். முதல் தடவை சாவியைச் சீக்கிரம் விட்டுவிட்டாள். இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. அய்யாக்கண்ணு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசிலடித்தார். பத்து நிமிஷம் ஓடவிட்டு, டர்போவைச் சுற்றி வெள்ளைத் துணியைக் காட்டிப் பார்த்தேன். கரி படவில்லை.

மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்குக் கம்பெனி பஸ் முனைக்கு வந்தது. மாமா அக்காவிடம் சொல்லிவிட்டு ஏறிப் போனார். அன்று ஆறு மணிக்கே கரண்ட் போனது. அக்கா இன்ஜினை ஸ்டார்ட் செய்தாள்.