தெளியாத குழாய்

லேபில் பதினோரு வருஷமாக ரத்தம் எடுக்கிறவள் அவள். புருஷன் வாயைவிட அவர் ரத்தத்தின் மேல்தான் அவளுக்கு நம்பிக்கை அதிகம். இயந்திரத்தில் சுற்றி எடுத்த அவர் ரத்தக் குழாயில், மேலே தெளிந்து நிற்க வேண்டிய மஞ்சள் நீர் இன்றைக்கும் பால் மாதிரி வெளுத்திருந்தது. அத்தனையும் கொழுப்பு!

"அடப்பாவி மனுஷா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

ரத்தத்தில் கொழுப்பு ஏறி, கணையம் வீங்கி, ஏற்கெனவே ஒருமுறை செத்துப் பிழைத்தவர். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டரம்மா சொன்ன அன்றே, வீட்டில் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நேற்று ராத்திரி பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கவில்லை. காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் அவளே ரத்தம் எடுத்தாள். அப்புறமும் பால் என்றால்? திருட்டுத் தீனிதான், வேறென்ன! அவருடைய தையல் கடைக்கு எதிர்வீட்டில்தான் நாத்தனார் குடியிருக்கிறாள். தம்பி இளைத்துவிட்டான் என்று எப்போதும் கண்ணைக் கசக்குகிறவள்.

சாயங்காலம் கடைக்கே போய்ச் சட்டைப் பையைத் துழாவினாள். விரல்களை முகர்ந்து பார்த்தாள்.

"உங்கக்கா என்னத்தைப் பொரிச்சுக் குடுத்தா? மறைக்காம சொல்லுங்க."

"எண்ணெய்க் கையோட இந்த வெள்ளைத் துணியைத் தொடுவேனாடி? பொழப்பு நாறிடாது?"

"வாய் மட்டும் நல்லாத்தான் பேசுது. ரத்தம் பொய் சொல்லுமா?"

அவர் குனிந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா தைக்கத் தொடங்கினார். முகத்தைக் காட்டாததே அவளுக்குச் சாட்சியாகப் பட்டது. ஆனாலும் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து நீட்டினாள். எண்ணெய் இல்லாத உடம்பு வாடிவிடக் கூடாதே என்று, பகலில் மூன்று தடவை அவள் பிழிந்து தரும் திராட்சைச் சாறு. சர்க்கரையைத் தாராளமாகவே போட்டிருந்தாள்.

"மொதல்ல இதைக் குடிங்க. சண்டை எங்க போயிடப் போகுது!"

மறுநாள் இருவரையும் எதிரே உட்காரவைத்து டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"எண்ணெய்தான்னு இல்லம்மா. தேவைக்கு மேல இனிப்பு போனா, ஈரல் அதைக் கொழுப்பா மாத்தி ரத்தத்துல விட்டுடும். வெறும் வயித்துலயும் இப்படித்தான் வெளுக்கும். தினமும் இனிப்பா என்ன குடிக்கிறார்?"

"திராட்சை ஜூஸ்," என்றார் புருஷன்.

"சர்க்கரை போட்டா? ஐயோ! உங்களுக்கு அது விஷமாச்சே. யார் குடுத்தது?"

பாட்டில் இப்போதும் அவள் பையில்தான் இருந்தது.

"யாரும் குடுக்கல டாக்டர். இவ வேணாம் வேணாம்னுதான் சொன்னா. நான்தான் இவளுக்குத் தெரியாம கடையில வாங்கிக் குடிச்சேன்."

அவர் பொய் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.